ஒரு வண்டி விறகு

மலைக்குப் போகும் பாதையில் இருந்த அந்த மடத்தில் தருமத்தை அரிசியால் அளக்கவில்லை, விறகால் அளந்தார்கள். படி, மரக்கால், கலம் என்று இத்தனை அளவைகள் இருக்க, மடத்தை நிறுவியவர் மாட்டுவண்டியைத் தேர்ந்தெடுத்தார். நாளொன்றுக்கு ஒரு வண்டி விறகு அன்னதானத்துக்காக எரிய வேண்டும், மறுநாளைக்கு ஒரு கட்டைகூட மிஞ்சக் கூடாது என்று செப்பேட்டில் வெட்டிவைத்தார். செப்பேடு என்பது மரியாதைக்குச் சொல்வது, தகடு பித்தளை. அவர் சொன்ன காரணத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அரிசியைக் களவாடிவிட்டுப் போட்டதாக எழுதிக்கொள்ளலாம். புகையை அப்படி எழுத முடியாது, ஊரே பார்க்கும்.

ஊர் பார்த்தது. அங்கம்மை இழுத்தாள்.

அங்கம்மைதான் அங்கே உலை வைப்பவள். காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் உலை வைத்து வடிப்பது ஒரே கையாக இருக்க வேண்டும் என்று தகட்டில் இன்னொரு வரி இருந்தது. இருபத்தாறு வருஷமாக அது அவள் கை. சமையற்கட்டுக்கு நேர் மேலே சன்னிதி; அதனால் கூரையைத் துளைத்துப் புகைபோக்கி வைக்க வழியில்லை. புகை சுவர்களைக் கருப்பாக்கி முடித்துவிட்டு, வேறு இடம் இல்லாமல் அவளுக்குள் போயிற்று.

அவள் இருமலை முதலில் இருமலாகக் கேட்டவர் தில்லைநாதன். பாலிடெக்னிக்கில் வெப்ப இயந்திரங்கள் பாடம் நடத்தியவர். மனைவி போனபின் விருப்ப ஓய்வு பெற்று மடத்துக்கு வந்து சீடரானார். சீடருக்கு வயது ஐம்பத்துநான்கு, குருவுக்கு நாற்பத்தைந்து. அந்தச் சங்கடத்தை மடத்தின் தலைவரான அடிகள் 'நீர்' என்ற சொல்லால் சமாளித்தார். தில்லைநாதன் 'சுவாமி' என்பதால் சமாளித்தார்.

அவர் அங்கம்மையை டவுன் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதே புகையில் இன்னும் ஒரு வருஷம் நின்றால் அப்புறம் தன்னிடம் கூட்டி வரவேண்டாம் என்றார்.

அன்று மாலை தில்லைநாதன் குருவின் முன் உட்கார்ந்தார்.

"சுவாமி, கண்ணை மூடினால் இருமல்தான் கேட்கிறது. எதைத் தியானிப்பது?"

"உமக்கு என்ன தெரியும்?"

"அடுப்பு தெரியும்."

"பிறகு ஏன் கண்ணை மூடுகிறீர்?"

தில்லைநாதன் அப்போதே இரும்புக் கம்பிகள் கேட்டார். கிடைத்தது. ஒரு மாதம் கழித்து வந்து சூட்டைத் தாங்கும் செங்கல் கேட்டார். அதுவும் கிடைத்தது. மூன்று அடுப்புகளைக் கட்டி இடித்தார். நான்காவதில் கீழே கம்பித்தட்டு வைத்து, காற்று அடியிலிருந்து ஏறி வரும்படி செய்து, தீ எழும்பும் பாதையைக் குறுகலாக்கி, சுற்றிலும் உமிச்சாம்பலை அடைத்தார். அண்டாவில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கையில் கடிகாரத்தோடு ஏழு நாள் நின்றார். பழைய அடுப்பில் ஆன விறகில் சரியாகப் பாதி ஆயிற்று. புகையும் பாதி.

அங்கம்மை அடுப்பைச் சுற்றி வந்து பார்த்தாள். மாப்பிள்ளை பார்க்க வந்தவள்போல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அடுப்பு அழகாத்தான் இருக்கு சாமி. ஆனா விரல் தண்டிக்கு விறகு கேக்குதே. யாரு பொளந்து போடறது?"

அது ஒரு சின்ன விஷயம் என்றார் தில்லைநாதன். சின்ன விஷயம்தான், அதை அங்கம்மையே விடியற்காலையில் எழுந்து செய்தாள்.

முதல் வாரம் சமையற்கட்டில் எதிர்ச்சுவர் தெரிந்தது. அதில் பிள்ளையார் படம் ஒன்று இருந்ததை எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அங்கம்மையின் இருமலும் குறைந்தது. வடித்த பிறகு அவள் உட்கார்ந்து வெற்றிலை போடுவதைத் தில்லைநாதன் ஒருநாள் பார்த்தார். அன்று அவருக்குத் தியானம் நன்றாக வந்தது.

விறகுக்கொட்டகையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர் காரியஸ்தர் பொன்னப்பன். நாள்தோறும் அரை வண்டி மிஞ்சிக்கொண்டிருந்தது. மூன்று தலைமுறையாக மிஞ்சாத விறகு தன் காலத்தில் மிஞ்சுவதா என்று அவர் சாப்பாட்டை விட்டார். பிறகு ஒரு பௌர்ணமியன்று தெளிந்தார். பாதி விறகில் ஒரு பந்தி என்றால் ஒரு வண்டிக்கு இரண்டு பந்தி. மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தகட்டுக்குப் பங்கம் வராது, தருமமும் இரட்டிப்பாகும்.

இரண்டாம் பந்தியை விழாவாகத் தொடங்கினார்கள். தில்லைநாதனுக்குச் சால்வை போர்த்தினார்கள். யாத்ரீகர் ஒருவர் அவர் காலில் விழுந்தார். பாதிப் புகையில் இரண்டு மடங்கு நேரம் நின்றால் எவ்வளவு புகை என்பதற்குக் காகிதம் பென்சில் வேண்டாம். ஆனால் வெப்ப இயந்திரப் புத்தகங்களில் அடுப்புக்கு முன்னால் நிற்பவர் படம் போடுவதில்லை. சால்வை போர்த்திய நாளிலும் அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை.

ஏழாவது மாதம், சாயங்கால உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது அங்கம்மை சுவரைப் பிடித்தாள். பிடி நழுவியது. உதடு நீலமாகிக் கிடந்தவளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உலை பொங்கி வழிந்ததைப் பாத்திரம் தேய்ப்பவர்கள் இறக்கினார்கள். ஒரே கை என்ற விதி மீறப்பட்டதற்கு மறுநாள் பரிகாரம் நடந்தது.

தில்லைநாதன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் மூக்கில் குழாய் இருந்தது. இனி அது இல்லாமல் நடமாட முடியாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் அடுப்பைப் பற்றியே கேட்டார். அதில் எங்கே குறை என்று கேட்டார்.

அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"உங்க அடுப்ப குறை சொல்லமாட்டேன் சாமி. நல்ல அடுப்பு." "பழைய அடுப்புல மத்தியானத்துக்கு மேல படுப்பேன்."

அவர் எழுந்து வந்துவிட்டார்.

ஆனால் மனிதர் பொறியாளர். வருத்தமும் அவருக்கு வரைபடமாகத்தான் வந்தது. பத்து நாள் உட்கார்ந்து புதிதாக ஓர் அடுப்பை வரைந்தார். சின்ன விசிறி ஒன்று காற்றை ஊதும். எரியாமல் மிஞ்சும் புகையே மறுபடி எரியும். விறகு பழைய அடுப்புக்கு ஆனதில் கால்வாசி போதும். அதை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார். வழியில் சமையற்கட்டு வாசலில் அங்கம்மையின் அண்ணன் மகள் ராக்காயி, விரல் தண்டிக்கு விறகு பிளந்துகொண்டிருந்தாள். உலைக்கு வந்து அன்றோடு இரண்டு வாரம்.

அடிகள் வரைபடத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதில் எத்தனை பந்தி வரும்?"

தில்லைநாதன் வாயைத் திறந்தார். இத்தனை மாதமும் போடாத கணக்கு தானாக வந்து நின்றது. நான்கு.

வெளியே விறகு பிளக்கும் சத்தம் நிற்கவில்லை.

"சுவாமி, அந்தத் தகட்டில் இருப்பதை மாற்றக் கூடாதா?"

"மாற்றலாம்."

"யார் மாற்ற வேண்டும்?"

"நான்தான்."

"பிறகு ஏன் மாற்றவில்லை?"

"யாரும் கேட்கவில்லை. நீர் இரும்பு கேட்டீர். செங்கல் கேட்டீர். இப்போது விசிறி."

தில்லைநாதனுக்கு முகம் சிவந்தது. குருவிடம் அதுவரை பேசாத குரலில் பேசினார்.

"நான் மூடன். எனக்குத் தோன்றவில்லை. நீங்கள்? அவள் இருமல் உங்கள் அறைவரைக்கும் கேட்குமே."

"கேட்டது."

"கேட்டும் சும்மா இருந்தீர்களா?"

அடிகள் வரைபடத்தைச் சுருட்டினார். ஓரங்கள் கசங்காமல் நிதானமாகச் சுருட்டி, சீடர் கையில் கொடுத்தார்.

"இருபது வருஷமாக ராத்திரிக்கு மதியம் வடித்த சோற்றையே சாப்பிட்டேன்" என்றார். "இரண்டாம் பந்தி வந்த பிறகு சோறு சூடாக இருந்தது."