புள்ளி இருட்டாக்கிய திரை

அந்தக் காலத்தில் கணினியின் விசைகளும் திரையின் எழுத்துகளும் தமக்குள் பேசிக்கொள்ளும். விசைகள் விரலுக்குக் காத்திராமல் தாமாகவே இயங்கும். அம்புக்குறிக்கோ மறைவது என்றால் என்னவென்றே தெரியாது. மவுஸை எங்கே விட்டார்களோ அங்கே, ஸ்லைடின் நடுவே, நந்திபோல் நிற்கும்.

ஆலங்கோம்பை என்ற மலையூரின் மருத்துவமனையில் பல்லைப் பார்க்க ஆள் இல்லை. வீங்கிய கன்னத்தோடு மூன்று பேருந்து மாறி நகரத்துக்குப் போக வேண்டும். பணியிடங்களை ஒதுக்கும் குழுவின்முன் ஆண்டுக்கு ஒருமுறை பத்து நிமிடம் கிடைக்கும். அதில் இதைக் கேட்க, தலைமை மருத்துவர் அங்கயற்கண்ணி வந்திருந்தார். முதல் ஸ்லைடில் அவர் தட்டச்சு செய்திருந்தவை மூன்றே சொற்கள்: "பல் மருத்துவர் தேவை". மவுஸை விட்டுவிட்டுத் திரையருகே போய் நின்றார். அம்புக்குறியின் முனை, 'பல்' என்னும் சொல்லில் லகரத்தின் தலைமேல் இருந்த புள்ளியை மூடியது.

"அண்ணே, சற்றுத் தள்ளி நில்லுங்கள். என்னை மறைக்கிறீர்கள்," என்றது புள்ளி.

"கடுகில் பாதி இல்லை நீ. உன்னைத் தேடி இங்கே யார் வந்திருக்கிறார்கள்?" என்றது அம்புக்குறி.

குழுத் தலைவர் நல்லபெருமாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: "பல மருத்துவர் தேவை." பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "ஒருத்தரை அனுப்பவே ஆள் இல்லை. இவங்க ஒரு பஸ் நிறையக் கேக்கறாங்க."

"ஐயா, ஒருவர் போதும்."

"எழுதினது நீங்கதானேம்மா? திரையைப் பாருங்க."

அங்கயற்கண்ணி பார்த்தார். புள்ளி இல்லை. தாமே விட்டுவிட்டதாக எண்ணித் திகைத்தார். விளக்கத் தொடங்கினார்; எல்லார் கண்ணும் திரையிலேயே இருந்ததால் எவர் காதிலும் விழவில்லை. நல்லபெருமாள் அடுத்த ஊரின் கோப்பை எடுத்தார்.

புள்ளி, விசைப்பலகையில் இருந்த தன் தமக்கையான முற்றுப்புள்ளி விசையை அழைத்தது. "அக்கா, கண்ணுக்கு வேலை இருக்கும்வரை இவர்களுக்குக் காது திறக்காது."

தமக்கை தன்னைத் தானே அழுத்திக்கொண்டது. திரையில் ஒரு கரும்புள்ளி தோன்றி, விரிந்து, எழுத்தையும் ஸ்லைடையும் அம்புக்குறியையும் ஒருசேர மூடியது.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமற்போகவே, குழுவினர் மருத்துவரைப் பார்த்தனர். அவர் வாயைத் திறந்து, கடைவாய்ப் பல்லை விரலால் தட்டிக் காட்டினார். "இந்தப் பல், ஐயா. இதற்கு ஒருவர்."

"அட, பல்லா," என்றார் நல்லபெருமாள். அவர் கை தம் கன்னத்துக்குப் போயிற்று. "அதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" கையெழுத்திட்டார்.

தமக்கை இன்னொரு முறை அழுத்திக்கொண்டது. ஸ்லைடு திரும்பியது, புள்ளி தன் இடத்தில் இருந்தது, அம்புக்குறியைக் காணோம்.

அன்று முதல்தான், ஸ்லைடு காட்டும்போது முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் திரை இருள்கிறது, மறுபடி அழுத்தினால் மீள்கிறது. சும்மா நிற்கும் அம்புக்குறியும் சில நொடிகளில் தானே ஒதுங்கிவிடுகிறது. மவுஸைத் தொட்டதும் திரும்ப வந்து நடுவில் நிற்கிறது என்றால், அதன் வெட்கம் அவ்வளவுதான்.