ஒன்பதாவது கட்டம்

பொன்மலையில் கல்யாண ஊர்வலமோ சாவு ஊர்வலமோ, சவரிமுத்துவின் டிரம்பெட் முன்னால் போகாமல் தெருவைத் தாண்டியது கிடையாது. அப்படிப்பட்ட மனுஷர் ஒரு மழை நாளில் பைக்கிலிருந்து விழுந்து, மேல்வரிசை முன்பற்களைப் பறிகொடுத்தார். கட்டிக்கொண்ட பல்செட் சோற்றுக்கு ஒத்துழைத்தது, டிரம்பெட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. ஊதினால் முதலில் பல் வெளியே வந்தது, சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"எப்படி இருக்கே சவரி?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "எனக்கென்ன, ஜோரா இருக்கேன்" என்று சிரித்து வைத்தார்.

மௌத் ஆர்கனுக்குப் பல் தேவையில்லை என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிக்கொடுக்கும் யூனிஸ் டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். வாசிப்பது புளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு. பேச்சு கொஞ்சம், அதிலும் பாதி யாருக்கும் புரியாது.

முதல் வகுப்பிலேயே குழப்பம் ஆரம்பமாகிவிட்டது.

"டீச்சர், இதுல சி சுருதின்னு போட்டிருக்கு. நீங்க ஜி-ல வாசிக்கச் சொல்றீங்க."

"ஆமா."

"அப்ப ஜி-ன்னு போட்டதா ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?"

"வாங்கினா அதுல டி வாசிக்கச் சொல்வேன்."

"ஏன் டீச்சர் இப்படி?"

"போட்டிருக்கிற சுருதியில வாசிச்சா பாட்டு ஊதறப்ப வரும். நமக்கு மூச்சை உள்ள இழுக்கறப்ப வரணும்."

சவரிமுத்துவுக்குத் தலை சுற்றியது. டிரம்பெட்காரனுக்கு மூச்சை இழுப்பது பாட்டில் சேர்த்தியே இல்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல் நெஞ்சை நிரப்பிக்கொள்வது அவன் பிழைப்பு. சந்து கிடைத்த இடத்திலெல்லாம் இழுத்துச் சேர்த்து வைத்தே இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர் அவர்.

அடுத்து மௌத் ஆர்கனின் மூன்றாம் ஓட்டை வந்தது. இழுக்கும்போதே சத்தத்தை வளைத்துக் கீழே இறக்க வேண்டும் என்றார் டீச்சர். சவரிமுத்து கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். சத்தம் விறைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

"இன்னும் பலமா இழுக்கணுமா டீச்சர்?"

"அது என்ன அடிபம்பா?"

"அப்ப மெதுவாவா?"

"மெதுவா இழுத்தா தூங்கிடும்."

"பின்ன எப்படித்தான் இழுக்கறது?"

"இழுக்கறது உங்களுக்கு நல்லாத்தான் வருது" என்றார் டீச்சர். பாராட்டா கேலியா என்று சவரிமுத்துவுக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போய் ராத்திரி வரை இழுத்துப் பார்த்தார். "யாரு பூனைய மிதிச்சது?" என்று கேட்டாள் அவர் மனைவி மோட்சமேரி.

இதற்கு நடுவில் ஒரு நாள் குறித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் டீச்சரின் குழு வாசிக்கிறது. அதில் ஒரு பாட்டில் சவரிமுத்து தனியாக வாசிக்க வேண்டும். பன்னிரண்டு தாளக் கட்டம் சேர்ந்தால் ஒரு சுற்று, அப்படி இரண்டு சுற்று. பேண்ட் மாஸ்டர் கபிரியேலும் பழைய சகாக்களும் கேட்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மச்சான் தன் பர்னிச்சர் கடையில் கல்லாவில் வந்து உட்காரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். "ஞாயித்துக்கிழமை தேறலைன்னா இனி வாத்தியத்தைத் தொட மாட்டேன். உங்க அண்ணன் கடைக்கே போறேன்" என்று மோட்சமேரியிடம் சொல்லிவிட்டார். சொல்லும்போதும் சிரித்தார்.

வியாழக்கிழமை வகுப்பில் எட்டுக் கட்டம் ஒழுங்காகப் போயிற்று. ஒன்பதாவதில் நெஞ்சு அடைத்தது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் ஒன்பதாவதில் நின்றது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு பத்தலை டீச்சர். வயசாயிடுச்சு. நெஞ்சுல தெம்பு இல்லை."

டீச்சர் அவர் கையிலிருந்த மௌத் ஆர்கனை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"மூச்சை இழுங்க அண்ணே."

இழுத்தார்.

"விடாதீங்க. இன்னும் கொஞ்சம் இழுங்க."

இழுத்தார்.

"இன்னும்."

சவரிமுத்து கையை ஆட்டினார். முடியவில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?"

வாயைத் திறக்காமலே, மூச்சு வேண்டும் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப இழுங்க."

அவ்வளவுதான், எல்லாம் புஸ்ஸென்று வெளியே போய்விட்டது. சவரிமுத்து தொப்பென்று உட்கார்ந்தார். டீச்சர் எதையாவது விளக்குவார் என்று வெகுநேரம் காத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நேரத்துக்கு வந்துடுங்க" என்றார் டீச்சர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். டீச்சர் தன்னைப் பரிகாசம் செய்கிறாரா, நுரையீரலைச் சோதித்தாரா, இல்லை டாக்டரிடம் போகச் சொல்லாமல் சொல்கிறாரா? ஒன்றும் பிடிபடவில்லை. கோபம் வந்தது, பயமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கபிரியேல் மாஸ்டர் முழங்கால்மேல் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கிட்டார் தொடங்கியது. சவரிமுத்து மைக்குக்குப் பக்கத்தில் வந்து வாசித்தார். நான்கு கட்டம் போயிற்று, ஆறு போயிற்று. எட்டாவதின் கடைசியில் ஒரு சின்னச் சந்து கிடைத்தது. பழக்கதோஷம், மூக்கால் இன்னும் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

ஒன்பதாவது கட்டத்தில் நெஞ்சில் இடமில்லை.

போச்சு என்று நினைத்தார். கல்லாப்பெட்டியும் சுழல் நாற்காலியும் கண்முன் வந்து நின்றன. மௌத் ஆர்கன் வாயைவிட்டு இறங்கியது. அடைத்துக்கொண்டிருந்த மூச்சு தானாகக் கிளம்பி வெளியே வந்தது, அதோடு அழுகை மாதிரி ஒரு சத்தமும் வந்தது. ரோட்டில் ரத்தத்தோடு கிடந்தபோதுகூட அவர் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. மைக் அதை மண்டபம் பூராவும் கொண்டுபோயிற்று.

கிட்டார்காரர் நிறுத்தவில்லை. டீச்சரும் தலையை அசைத்துத் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று கட்டங்கள் சவரிமுத்து இல்லாமலே போயின. சுற்று திரும்பி முதலுக்கு வந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மௌத் ஆர்கனை எடுத்து மூன்றாம் ஓட்டையில் உதட்டை வைத்தார். லேசாகத்தான் இழுத்தார். சத்தம் வளைந்து இறங்கியது. இரண்டாவது சுற்றைக் கண்ணீர் வழிய வாசித்து முடித்தார்.

கீழே இறங்கியதும் கபிரியேல் மாஸ்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் சவரி, நடுவுல ஒரு இடம் வந்துச்சு பாரு. என்னால உக்கார முடியலடா."

பக்கத்திலிருந்தவர்களும் அதே இடத்தைத்தான் சொன்னார்கள். சவரிமுத்துவுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஒன்றும் விளங்காமலும் இருந்தது. மேடை ஓரத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த டீச்சரிடம் போனார்.

"டீச்சர், எனக்கு ஒண்ணும் புரியல. எல்லாரும் அந்த ஒன்பதாவது கட்டத்தையே பிடிச்சிக்கிட்டுப் பேசறாங்க. அங்க நான் வாசிக்கவே இல்லையே. மூச்சை விட்டேன், அவ்வளவுதானே?"

டீச்சர் ஒயரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"பல்லு போன நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும், எப்பவாச்சும் விட்டிருக்கீங்களா அண்ணே?"