தலைகீழாய்ப் பார்த்த சார்பு மரம்

சிக்னல் தேடி ஆடுகளும் பாறை ஏறும் மலை ஒன்று உண்டு. நம்புகிறவர்கள் நம்பலாம். அதன் உச்சியில் மங்களவல்லி அம்மை கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தாள். உலகத்தில் எழுதப்பட்ட நிரல்களுக்கெல்லாம் அவளிடம் ஒரு பிரதி இருந்தது.

அவளுடைய சீடர் பிச்சாண்டி அவளைவிட வயதில் மூத்தவர். பெயர்களைத் தட்டும்போது வாலில் ஒட்டிக்கொள்ளும் வெற்று இடைவெளிகளை வெட்டிப் போடும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருந்தார். வைத்து வருஷங்கள் ஆயின. யாரிடமிருந்தும் நன்றி என்று ஒரு வரி வரவில்லை. தினமும் விடிந்ததும் மின்னஞ்சலைத் திறப்பார். சற்று நேரம் பார்த்திருப்பார். மூடுவார்.

ஒரு நாள் அம்மையிடம் வந்து நின்றார்.

"யாருக்கும் வேண்டாத பொருள், அம்மா. இன்றைக்கே அழித்துவிடுகிறேன்."

அம்மை தடுக்கவில்லை. அழிக்குமுன் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு கட்டளையைத் தட்டச் சொன்னாள். ஒரு நிரல் வேறு எந்த நிரல்களை நம்பி அவற்றின் மேல் நிற்கிறது, அவை எவற்றின் மேல் நிற்கின்றன என்று கிளை கிளையாகக் காட்டும் சார்பு மரக் கட்டளை அது.

"மரத்தைத் தலைகீழாகக் கேளும், பிச்சாண்டியாரே. உமது நிரலின் மேல் யார் யார் நிற்கிறார்கள் என்று."

தட்டினார். பெயர்கள் ஓடத் தொடங்கின. அடுப்பில் கஞ்சி வெந்தது, இருவரும் குடித்தார்கள், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தார்கள். பெயர்கள் நின்றபாடில்லை. ஓர் ஆடு எட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துத் திரும்பிற்று. ஆஸ்பத்திரி நிரல்கள், ரயில் டிக்கெட் நிரல்கள், வாயில் நுழையாத பெயருள்ள தேசத்தில் தெருவிளக்கு ஏற்றும் நிரல். நடுவே அம்மை எழுதிய நிரல் ஒன்றும் ஓடிப் போயிற்று.

பிச்சாண்டியின் முகம் மலர்ந்திருக்க வேண்டும். முன்னைவிட வாடிப்போயிற்று.

"இத்தனை பேர் மேலே நிற்கிறார்கள். கீழே எவனோ ஒருவன் இருக்கிறானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா, அம்மா?"

அம்மை திரையைக் காட்டினாள். மரத்தை இப்போது நேராகக் கேட்கச் சொன்னாள்.

ஒரே கிளைதான் வந்தது. பிச்சாண்டியின் நிரலுக்குக் கீழே இன்னொரு சின்ன நிரல். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எழுதியவர் யார் என்று தேடிப் பார்த்ததில், ஜெயசீலி என்று இருந்தது.

"யார் இந்த ஜெயசீலி?"

"தெரியாது, அம்மா."

அவளுக்கு எப்போதாவது ஒரு வரி எழுதியதுண்டா என்று அம்மை கேட்டாள். பிச்சாண்டிக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"எதற்கு எழுதுவது? அந்த நிரல் ஒரு நாளும் எனக்குத் தொந்தரவு கொடுத்ததில்லையே."

"உமது நிரலைப் பற்றி நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன்" என்றாள் அம்மை.