சடைச்சியின் வயிறு போட்ட சண்டை

சடைச்சி என்ற கரடிக்குத் தன் வயிற்றின்மேல் அப்படியொரு பெருமை! கறையான் புற்றை ஊதி உறிஞ்சித் தின்பாள். தேனடையை மெழுகோடு விழுங்குவாள். "கல்லைத் தின்னாலும் கரைக்கிற வயிறு என்னுடையது!" என்று காடு முழுக்கத் தம்பட்டம் அடிப்பாள். அவள் முதுகு முடியைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்யும் குட்டி பொம்மியும் "ஆமா, ஆமா!" என்று தலையாட்டும்.

அப்படிப்பட்ட வயிறு ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது. கடமுடவென்று உருண்டது. முறுக்கியது. பிறகு பீய்ச்சி அடித்தது. அதுவும் எங்கே? ஓடைக்கரையில், தண்ணீர் குடிக்க வந்த அத்தனை மிருகங்களுக்கும் நடுவில்!

மரத்திலிருந்த மந்தி விழுந்து விழுந்து சிரித்தது. "என்ன சடைச்சி, கல்லு கரைஞ்சு ஓடுதோ?"

சடைச்சிக்கு மானமே போயிற்று. குட்டியைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் ஓடி ஒளிந்தாள். அப்போது அவள் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அழாதீங்க அக்கா!"

"யாருடா அது?"

"நான்தான், நெளியான். உங்க குடலுக்குள்ளே ஒரு ஓரமா ஒண்டியிருக்கிற நாக்குப்பூச்சி. அக்கா, உங்க குடலுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. நீங்க தின்னதையெல்லாம் கழுவி வெளியே கொட்டுது. வில்வமரத்திலே பிஞ்சா நாலு காயைக் கடிச்சு முழுங்குங்க. கப்புனு நின்னுடும். உங்க பேரும் நிக்கும்!"

உள்ளே உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்கிறவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்க வேண்டாமா? சடைச்சி கேட்கவில்லை. வெட்கம் அவள் புத்தியை மறைத்துவிட்டது. நேராக வில்வமரத்துக்குப் போனாள். துவர்ப்பில் நாக்கு இழுத்துக்கொள்ள, அந்தப் பிஞ்சுகளைத் தின்றாள். நெளியான் சொன்னபடியே வயிறு கப்பென்று கட்டிக்கொண்டது.

"பார்த்தாயா!" என்று மந்தியைப் பார்த்து மார்தட்டினாள்.

ஆனால் அந்த மிடுக்கு நிலைக்கவில்லை. புற்றுப் புற்றாகத் தின்றும் அவள் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. வயிறு மட்டும் பானையாக உப்பியது. பால் வற்றியது. பொம்மி சப்பிச் சப்பிப் பார்த்து அழுதது. ஒருநாள் முதுகு முடியைப் பிடிக்கத் தெம்பில்லாமல் நழுவிக் கீழே விழுந்தது.

"அம்மா, பால் வரலை!"

சடைச்சி ஓடிப்போய்ப் பொம்மியை வாரி எடுத்தாள். குட்டியை அணைத்துக்கொண்டு ஒரு பாறை நிழலில் சாய்ந்தாள். வயிற்றுக்குள் ஒரே கும்மாளம்! நெளியான் தன் கூட்டத்துக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தான்.

"பயப்படாம சாப்பிடுங்கடா! அன்னைக்கு இந்தக் குடல் நம்மளைக் கண்டுபிடிச்சிருச்சு. வழவழன்னு சளியைச் சுரந்து நம்ம பிடியை நழுவ வச்சுது. தண்ணியை ஊத்தி அலசுச்சு. இறுக்கி இறுக்கித் தள்ளுச்சு. நம்ம ஆளுங்க எத்தனை பேரு வெளியே போய் விழுந்தாங்க! இன்னும் ஒரு தள்ளு தள்ளியிருந்தா நானும் போயிருப்பேன். நல்லவேளை, இந்த அசட்டுக் கரடி தன்னோட காவல்காரனையே கட்டிப்போட்டுட்டா!"

சடைச்சி துள்ளி எழுந்தாள். "அடப்பாவி! என் குட்டிக்குப் போக வேண்டியதையா தின்னு கொழுத்தே?"

"அக்கா, அது வந்து..."

"யாருக்குடா அக்கா!"

ஓடினாள் கொன்றை மரத்துக்கு. அடியில் நீள நீளமாகப் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. வயிற்றை இளக்கும் அந்தக் கருப்புச் சதையை வழித்து வழித்துத் தின்றாள். ஓடைத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தாள். பிறகு வயிற்றைத் தடவிக் கொடுத்தாள்.

"என் ராசா! நீ எனக்காகச் சண்டை போட்டே. நான் உன்னைப் போய்க் கேவலம்னு நினைச்சேனே! இப்போ தள்ளு!"

இதற்காகவே காத்திருந்ததுபோல் குடல் முறுக்கிக்கொண்டு எழுந்தது. நெளியான் அலறினான். "வேணாம் அக்கா! எல்லாரும் பார்ப்பாங்க! மானம் போயிடும்!"

"பார்க்கட்டும்!" என்றாள் சடைச்சி. இந்த முறை அவள் புதரைத் தேடவில்லை. வெட்டவெளியில் பாறைமேல் ஏறி நின்றாள்.

"மறுபடியுமா?" என்று மந்தி கெக்கலித்தது.

"சிரி, நல்லா சிரி! உள்ளே போர் நடக்குது. ஜெயிக்கிறது என் வயிறு!"

சளி வழுக்கியது, தண்ணீர் அடித்தது, குடல் தள்ளியது. நெளியானும் அவன் கூட்டமும் கொத்துக் கொத்தாக வந்து சுடுபாறையில் விழுந்து சுருண்டார்கள். மந்தி எட்டிப் பார்த்தது. சிரிப்பு அடங்கிப்போய்த் தன் வயிற்றைத் தானே தடவிக்கொண்டது.

பகை ஒழிந்ததும் குடல் தானாகவே அடங்கியது. சடைச்சி தின்றது அவள் உடம்பில் ஒட்டியது. பாலும் சுரந்தது. பொம்மி கடைவாய் வழிய வழியக் குடித்துவிட்டு அம்மாவின் முதுகில் ஏறி, முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சடைச்சி தலை நிமிர்ந்து நடந்தாள்.

நம்மைக் காப்பதற்காக நமக்குக் கொஞ்சம் நோவு தருகிறவனை, நம்மைத் தின்று கொழுக்கிறவன் பேச்சைக் கேட்டுக் கட்டிப்போடக் கூடாது.