சின்ன ர

"இன்னும் என்ன குறை, அம்மா?" என்று கேட்டார் திருவம்பலம்.

ஆசிரியை வடிவம்மை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

திருவம்பலத்துக்கு நாற்பத்திரண்டு வயது. ஆசிரியைக்கு அவரைவிட ஆறு வயது குறைவு. ஆற்றங்கரையில் அந்த அம்மாள் நடத்திய பள்ளியில் ஒன்பது வருடம் படித்தாயிற்று. இனி ஊருக்குப் போய்ப் பள்ளி தொடங்க வேண்டும். ஊரும் அதற்காகக் காத்திருந்தது. அங்கே நாற்பது வீட்டுக்கும் எழுத்துத் தெரிந்தவர், கோயிலுக்குப் பூக்கட்டும் பண்டாரம் ஒருவர்தான். அவர் எழுதியது பாதி நேரம் அவருக்கே விளங்காது.

அழைத்துப்போக வண்டி அனுப்பியிருந்தார்கள். அது இரண்டு நாளாக வேப்பமரத்தடியில் நின்றது. ஆசிரியை விடை கொடுத்தால்தான் கிளம்பலாம்.

"காலையில் நானூறு பாடலும் ஒப்பித்தேன். ஓரிடத்தில்கூட நாக்கு நிற்கவில்லை."

"கவனித்தேன். ஓரிடத்தில்கூட நிற்கவில்லை."

"அப்புறம் என்ன?"

"நான் கொடுத்ததையெல்லாம் என்னிடமே ஒப்பித்துவிட்டீர்கள். வாங்கிக்கொண்டேன். ஒன்றும் குறையவில்லை. இப்போது உங்களிடம் என்ன இருக்கிறது?"

"சொல்லை வைத்து விளையாடாதீர்கள், அம்மா." திருவம்பலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குப் பின்னால் வந்தவர்கள்கூட வாத்தியாராகிப் போய்விட்டார்கள்."

"அவர்கள் திக்கினார்கள்" என்றார் வடிவம்மை.

அந்த நேரத்தில் வண்டிக்காரர் பேச்சிமுத்து வந்தார். கையில் ஓர் ஓலைச் சுருள். ஊரிலிருந்து கைமாறிக் கைமாறி வந்ததாம். கடைசியில் ஓர் உப்பு வியாபாரி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"வாத்தியாரே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அதுவரை திருவம்பலத்தை யாரும் வாத்தியாரே என்று கூப்பிட்டதில்லை. ஆசிரியையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓலையை வாங்கினார்.

"பெருசா ஒண்ணும் இருக்காது" என்றார் பேச்சிமுத்து. "சந்தையில புளி வாங்கிட்டு வான்னு சொல்லி எழுத வெச்சிருப்பா என் வீட்டுக்காரி. கிளம்புறப்ப ஊர்க்கதை பூராவும் சொல்லுவா, புளியை மட்டும் விட்டுருவா."

திருவம்பலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எதைப் படித்தாலும் அவருக்குப் பாடம் சொல்லும் ராகம் தானாக வந்துவிடும்.

"பேச்சிமுத்துக்கு எழுதிக்கொண்டது. நீ வண்டி பூட்டிப் போன மறுநாள் உன் மனைவி முத்தக்காள் காய்ச்சல் கண்டு இரந்து..."

நிறுத்தினார். 'த்சு' என்று உச்சுக்கொட்டினார்.

"பாருங்கள் அம்மா, பண்டாரத்தின் லட்சணத்தை. சின்ன ர போட்டிருக்கிறார்."

இடுப்பிலிருந்து எழுத்தாணியை எடுத்தார்.

"சின்ன ர போட்டால் என்ன, வாத்தியாரே?"

"அர்த்தமே மாறிவிடுமே. இரந்து என்றால் பிச்சையெடுத்து என்று ஆகிவிடும்."

பேச்சிமுத்துக்கு முகம் சுருங்கியது. "பிச்சையா? என் வீட்டுக்காரி எதுக்குப் பிச்சை எடுக்கணும்? குதிர்ல நெல்லு கெடக்கே!"

"பிச்சை இல்லையப்பா. அது பிழை. இங்கே பெரிய ற வர வேண்டும். அப்போதுதான் செத்துப்..."

தான் சொன்னது திருவம்பலத்தின் காதில் அப்போதுதான் விழுந்தது.

வேப்பமரத்தடியில் மாடு ஒன்று தலையை உதறியது. கழுத்துமணி குலுங்கி அடங்கியது.

பேச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எது அந்த எழுத்து?" என்று கேட்டார்.

திருவம்பலம் எழுத்தாணியின் முனையால் காட்டினார்.

பேச்சிமுத்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"திருத்தாதீங்க, வாத்தியாரே. சின்னதாவே இருந்துட்டுப் போகட்டும். அவ பிச்சையே எடுத்தாலும் எடுக்கட்டும்."

திருவம்பலம் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார். அவர் முறத்துக்கு அருகில் இல்லை. உள்ளேயிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து, பேச்சிமுத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"குடிங்க."

பேச்சிமுத்து குடித்தார். பாதி மார்பில் வழிந்தது.

"நான் கிளம்புறப்ப நல்லாத்தானே இருந்தா" என்றார். "புளியைத்தான் சொல்லல."

வடிவம்மை எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் பேச்சிமுத்து திருவம்பலத்தின் பக்கம் திரும்பினார்.

"வேகமாப் படிச்சிட்டீங்க. எனக்கு ஒண்ணும் மனசுல ஏறல. இன்னொரு தடவை முதல்லேருந்து படிச்சுச் சொல்லுங்க."

திருவம்பலம் எழுத்தாணியை இடுப்பில் செருகினார். அவரும் மண்ணில் உட்கார்ந்தார். ஓலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பேச்சிமுத்துக்கு எழுதிக்கொண்டது..."

ராகம் வரவில்லை.

"நீ வண்டி பூட்டிப் போன மறுநாள், உன் மனைவி... முத்தக்காள்..."

நின்றார். ஓலையிலிருந்து தலையைத் தூக்கி எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"முத்தக்காள்..." என்றார் மறுபடியும்.

அடுத்த சொல்லுக்கு வாய் திறந்தது. நாக்கு எழவில்லை.

பேச்சிமுத்து அவசரப்படுத்தவில்லை. அந்தச் சொல் வராமல் இருக்கிறவரைக்கும் நல்லது என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

வடிவம்மை மெல்ல எழுந்து, திருவம்பலத்தின் கையிலிருந்து ஓலையை வாங்கிச் சுருட்டினார்.

"போய் மாட்டைப் பூட்டுங்கள், வாத்தியாரே" என்றார்.