கிணற்றடிச் சிரிப்பும் இருபத்தோரு கேள்வியும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று சோறு இறங்காமல் போயிற்று. காய்ச்சல் இல்லை, எதிரி படையெடுத்து வரவும் இல்லை. உப்பரிகையில் நின்றிருந்தவர், கீழே கிணற்றடியில் இரண்டு பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டு வர ஆள் அனுப்பினார். ஆள் படியிறங்கிப் போவதற்குள் பெண்கள் போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

"என் நாட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு சிரிப்பா?" என்று இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார் ராஜா.

பக்கத்தில் விகடன் சாத்தப்பன் நின்றிருந்தான். மாட்டுச் சந்தையில் தரகர்களுக்கு நடுவே வளர்ந்தவன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற கூட்டம் அது. முட்டிக்கொண்டு நிற்பவனுக்குக்கூட உள்ளே என்ன பேச்சு என்று தெரியாது. "மகாராஜா, சிரித்தார்கள் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. ராஜாவுக்கு அது தெரிந்தால் போதாதா?" என்றான்.

வேறொரு நாளாக இருந்தால் ராஜா சிரித்திருப்பார். ஆனால் அன்று எதிர்ப்பக்கம் ஓலைநாயகம் ஏகாம்பரர் இருந்தார். அரசாங்க ஓலைகளுக்கெல்லாம் அதிகாரி. தாம் ஓராண்டு ஓலை அடுக்கியும் கிடைக்காத முத்துமாலையைச் சாத்தப்பன் ஒரு வாய்ப்பேச்சில் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவர்.

"போதாது மகாராஜா!" என்றார் ஏகாம்பரர். "வீடு வீடாக எழுத்தர்களை அனுப்புவோம். இருபத்தோரு கேள்வி. வீட்டில் எத்தனை பாய், எந்தப் பாயில் யார், யாருக்கு என்ன நோய், வந்துபோகிறவர்கள் யார், புருஷனும் பெண்சாதியும் கடைசியாகச் சண்டை போட்டது எதற்கு, அத்தனையும் ஓலையில் ஏற்றி என் சாவடியில் கட்டி வைப்போம். அப்புறம் இந்த நாட்டில் தங்களுக்குத் தெரியாமல் எவர் சிரிப்பார்?"

ராஜாவுக்கு உடனே பசி எடுத்தது.

அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. புதுச் சட்டம் எதுவானாலும் முரசறைந்து சொல்லி, எட்டு நாள் ஜனங்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். ஏகாம்பரர் அதையும் குறைவில்லாமல் செய்தார். முரசை யானைத் துறையில் அறையச் சொன்னார், யானைகள் குளிக்கிற வேளையில். அவை போட்ட பிளிறலில் இடி விழுந்தாலும் காதில் விழாது. ஆட்சேபத்துக்கு விதியும் வைத்தார்: சொன்னவர் பெயர், தெரு, நாள் மூன்றும் இருக்க வேண்டும், அரசாங்க எழுத்தர் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும், எட்டு நாளைக்குள் சாவடி வந்து சேர வேண்டும். அது மட்டுமா? ஆட்சேபம் கேட்பதற்கென்று இருந்த அந்த எட்டு நாளிலேயே எழுத்தர்களைத் தெருவில் இறக்கியும் விட்டார். பெண்ணைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் தாலியோடு வாசலில் போய் நின்ற மாதிரி!

எழுத்தர்களுக்கு அவர் இட்ட கட்டளை இன்னும் கடுமை. "வீட்டார் வாயிலிருந்து வரும் சொல் ஒன்றையும் விடக்கூடாது. விட்டால் விரல் இருக்காது."

மங்கலமாக இருக்கட்டும் என்று முதல் ஓலைக்கு மஞ்சள் தடவி அரண்மனையிலேயே ஆரம்பித்தார்கள். ராஜா எண்ணெய் தேய்த்துக்கொண்டு கோவணத்தோடு நின்றிருந்தார். ஒன்பதாவது கேள்வியில் அவர் போட்ட சத்தத்தில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. எழுத்தர் நடுங்கியபடியே எழுதிக்கொண்டு பின்னோக்கி நடந்து வெளியேறினார். தூணருகே நின்ற சாத்தப்பன் வாயைப் பொத்திக்கொண்டான். எண்ணெய் காய்வதற்குள் ராஜா அதை மறந்தும் போனார்.

ஒன்பதாம் நாள் மருத்துவச்சி இருளாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். சாத்தப்பன் மனைவி இரண்டு நாள் இடுப்புவலியில் துடித்தபோது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பக்கத்தில் இருந்து தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்தவள்.

"மகாராஜா, இவள் வாயைத் திறக்க மறுக்கிறாள்" என்றார் ஏகாம்பரர். "கடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் யாருக்குப் பேறு பார்த்தாள், யாருக்குக் கரு கலைந்தது, யாருக்கு எந்த மாதத்தில் பிறந்தது, ஒன்றும் சொல்ல மாட்டாளாம்."

இருளாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சாமி, அந்த நேரத்துல ஒரு பொம்பளை என் கையை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு என்னென்னவோ சொல்லுவா. உசுரு போற வலியில சொல்றது. அது எனக்குச் சொன்னது. அரமனைக்குச் சொன்னதில்ல. நான் எப்படிச் சாமி எடுத்துக் குடுப்பேன்?"

"சட்டப்படி இவளை நாடு கடத்த வேண்டும்" என்றார் ஏகாம்பரர். "இந்தச் சட்டத்துக்கு நாட்டில் ஒருவர்கூட ஆட்சேபம் சொல்லவில்லை, மகாராஜா. அத்தனை பேருக்கும் சம்மதம்."

சாத்தப்பனுக்கு உச்சந்தலை சூடேறியது. "சம்மதமா? ஓலைநாயகமே, யானைத் துறையில் முரசறைந்தால் யானைதான் சம்மதிக்கும். சந்தையில் ஒரு கிழட்டு மாட்டை விற்பவன்கூட வாங்குகிறவன் காதில் விழுகிற மாதிரிதான் கேட்பான். மகாராஜா, அங்கே துண்டுக்கு அடியில் இரண்டு கை பேசினால் மூன்றாமவன் எட்டிப் பார்க்க மாட்டான். பார்த்தால் அப்புறம் அவனைச் சந்தைக்குள் விடமாட்டார்கள். இவர் நாடு முழுக்க அந்தத் துண்டை உருவுகிறார்!"

"விகடர் கோபப்படுகிறார்" என்று புன்னகைத்தார் ஏகாம்பரர். "விதிப்படி எழுதப்பட்ட ஆட்சேபம் ஒன்றே ஒன்று காட்டட்டும். காட்டாவிட்டால் இவளோடு அவரும் எல்லை தாண்டட்டும். போவதற்குமுன் இந்தச் சபை நடுவில் நின்று இருபத்தோரு கேள்விக்கும் பதில் சொல்லட்டும்."

ராஜாவுக்கும் எரிச்சல். "நல்லது. சாத்தப்பா, நாளை உச்சிவேளைக்குள் காட்டு. இல்லையென்றால் இருவருக்கும் ஒரே வண்டி."

எட்டு நாள் நேற்றோடு முடிந்தாயிற்று. முடிந்துபோன நாளுக்குள் போய் ஆட்சேபம் எழுதிவிட்டு வர எவனால் முடியும்?

காவல் கொட்டடியில் இருளாயி சாத்தப்பனைப் பார்த்ததும் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை, தனக்கும் கேட்கவில்லை.

"தம்பி, குயவர் வீட்டு மருமகளுக்குப் புள்ள குறுக்கால கெடக்கு. நாளைக்கோ மறுநாளோ வலி எடுத்துரும். என்னை எல்லைக்கு அந்தாண்ட தள்ளிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"பெயர்களைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடேன் அக்கா. அவள் பிழைப்பாளே."

"சொல்லிட்டு வந்தா எவ என்னை வீட்டுக்குள்ள விடுவா? கதவச் சாத்திக்கிட்டு வலியில சாவாளுங்க, தம்பி."

சாத்தப்பனால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. நேராக ஓலைச் சாவடிக்குப் போனான். தன் வீட்டு ஓலையையாவது பார்க்கலாம் என்று வாசற்காவலனிடம் கேட்டான்.

"பார்க்கக் கூடாதுங்க."

"என்னைப் பற்றி எழுதியதையா?"

"அதனாலதாங்க கூடாது."

"வேறு யார் பார்க்கலாம்?"

காவலன் விரல்விட்டு எண்ணினான். "ஓலைநாயகம், அவரு மச்சான், எழுத்தருங்க, எழுத்தருங்களைப் பார்க்க வர்றவங்க. உங்களைத் தவிர எல்லாரும் பார்க்கலாமுங்க."

"தப்பாக எழுதியிருந்தால்?"

"தப்பே இருக்காதுங்க" என்று காவலன் பெருமையோடு சொன்னான். "ஜனங்க சொன்னதை ஒரு சொல்லு விடல. விட்டா விரல் போயிருமுல்ல? உங்க வீட்டம்மா எங்க எழுத்தரை வாசல்ல வச்சு என்ன கேட்டாங்களோ அதுகூட அப்படியே இருக்கு. எழுதி முடிக்கும்போது பாவம், அவரு கண்ணுல தண்ணி."

 சாத்தப்பன் காவலன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. வாசலில் வண்டி பூட்டித் தயாராக நின்றது. சாத்தப்பன் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து ஏகாம்பரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எங்கே ஆட்சேபம்?" என்றார் ராஜா.

"ஓலைநாயகம் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறார், மகாராஜா. என்னைத்தான் அவர் சாவடிக்குள் விடமாட்டார். தாங்கள் கேட்டால் எந்த வீட்டு ஓலையானாலும் கண்மூடித் திறப்பதற்குள் வரும் என்று சொல்வார்கள். உண்மைதானா?"

ஏகாம்பரருக்குத் தம் சாவடியின் பெருமையை ராஜா முன் காட்ட இதைவிட நல்ல வேளை வாய்க்குமா? "எந்த வீடு வேண்டும்?" என்றார்.

"எந்த வீடானாலும் சரிதான். சாலியர் தெரு மூன்றாம் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, மகாராஜா. தலைப்பையும் கடைசி வரியையும் மட்டும் படிக்கட்டும். நடுவில் இருப்பது அவர்கள் வீட்டு விஷயம். நமக்கு வேண்டாம்."

ஓலை வந்தது. எழுத்தர் படித்தார். "சாலியர் தெரு, மூன்றாம் வீடு, குப்பாண்டி. முரசறைந்து நான்காம் நாள். வீட்டார் சொன்னது: 'எங்க வீட்டுப் பாயை எண்ண வந்தியா? போயி உங்க ஆத்தா வீட்டுப் பாயை எண்ணுடா, தடிப்பயலே.'"

சபையில் யாரோ இருமினார்கள்.

"பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது, நாள் இருக்கிறது" என்றான் சாத்தப்பன். "எழுதியது அரசாங்க எழுத்தர். எட்டு நாளைக்குள் சாவடிக்கும் வந்துவிட்டது. இன்னொன்று படிக்கலாமா? ஓலைநாயகம் வீட்டு ஓலை. அவர் சம்மதித்தால்."

ஏகாம்பரருக்கு வீட்டின்மேல் அபார நம்பிக்கை. "தாராளமாகப் படிக்கட்டும்!"

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "வடக்கு மாடவீதி, ஓலைநாயகம் வீடு, அம்மையார் மங்கையர்க்கரசி. இரண்டாம் நாள். வீட்டார் சொன்னது: 'இந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தவர் வீட்டுக்குத்தானே வரவேண்டும்? இன்றைக்கு அவருக்குச் சோறு கிடையாது என்று எழுதிக்கொள்ளும்.'"

இரண்டாம் நாள் தாம் ஏன் பட்டினி கிடந்தோம் என்பது ஏகாம்பரருக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் சிவந்து எழுந்தார். "மகாராஜா! இவை வெறும் ஏச்சு. பாமரரும் பெண்டிரும் வாசலில் கத்தியது. ஆட்சேபம் என்றால் சொல்கிறவருக்கு ஒரு தகுதி வேண்டாமா?"

"வேண்டும்தான்" என்றான் சாத்தப்பன். "அப்படியானால் மஞ்சள் தடவிய முதல் ஓலையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

ஓலை வந்தது. எழுத்தர் பிரித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"படி" என்றார் ராஜா.

"அ... அரண்மனை. முதல் நாள். காலை. வீட்டார் சொன்னது: 'அடேய்! மகாராணி என்மேல் எதற்குக் கோபித்தால் உனக்கென்னடா? என் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்க நீ யார்? எழுத்தாணியைப் பிடுங்கி உன் மூக்கில் செருகுவேன். எவன் உன்னை அனுப்பினானோ அவனையும் சேர்த்துத் துரத்துவேன். வெளியே போ!'"

 ராஜா சிம்மாசனத்தின் பிடியை இறுகப் பற்றியிருந்தார்.

சாத்தப்பன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "மகாராஜா, கோவணத்தோடு நிற்கிறவனிடம் வந்து கேள்வி கேட்டால் ராஜாவுக்கும் சாலியனுக்கும் வருகிற கோபம் ஒன்றுதான். தங்கள் கோபத்தைக் கண்டு எழுத்தர் ஓடினார். ஜனங்கள் கோபத்துக்கு எழுத்தர்கள் ஓடவில்லை. அதையும் எழுதிக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, நாடே சம்மதித்தது என்று தங்களிடம் சொன்னார்கள். நாற்பதாயிரம் வீடு, நாற்பதாயிரம் ஆட்சேபம். முதல் ஆட்சேபம் தங்களுடையது. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளத்தானே கேட்டோம்? அவர்கள் சொன்னதை ஒருவராவது படித்தோமா?"

ராஜாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு மீசை. பிறகு கிரீடமே ஒரு பக்கம் சாயும்படி வெடித்துச் சிரித்தார். "மூக்கில் செருகுவேன் என்றா சொன்னேன்!" என்று தொடையைத் தட்டினார்.

சிரிப்பு அடங்கியதும் இருளாயியைப் பார்த்தார். "என் மகன் பிறந்தபோது நீதானே உடன் இருந்தாய்? அந்த வலியில் மகாராணி என்னைப் பற்றி ஏதும் சொன்னாளா?"

"மறந்துபோச்சுங்க மகாராஜா" என்றாள் இருளாயி.

ராஜா மறுபடி சிரித்தார். ஆனால் இந்தத் தடவை அவர் காது சற்றுச் சிவந்திருந்தது. "நல்ல மறதி. நீ போகலாம் அம்மா." அவள் கும்பிட்டுவிட்டுக் குயவர் தெருப் பக்கம் ஓடினாள். எல்லைக்குப் போக நின்ற வண்டியை ராஜா அவளுக்கே அனுப்பி வைத்தார்.

சாத்தப்பன் கழுத்தில் முத்துமாலை விழுந்தது. "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஓலைகளை அந்தந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மகாராஜா. அடுப்பில் வைப்பதோ அலமாரியில் வைப்பதோ அவர்கள் இஷ்டம். ஓலைநாயகமே கையில் எடுத்துப் போய்க் கொடுக்கட்டும். வாசலில் அவர்கள் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டும் வரட்டும். அவருக்குத்தான் ஜனங்கள் வாயிலிருந்து வருவதெல்லாம் வேண்டுமே!"

ஏகாம்பரர் நாற்பதாயிரம் வாசல் ஏறி இறங்கினார். முதலில் எந்த வீட்டுக்குப் போனார் என்று தெரியாது. கடைசியாகப் போனது வடக்கு மாடவீதிக்குத்தான்.

குயவர் வீட்டில் பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆணா பெண்ணா என்று அரண்மனையிலிருந்து யாரும் கேட்டு அனுப்பவில்லை. ராஜா மட்டும் அதற்குப் பிறகும் பல நாள் உப்பரிகையில் நிற்கும்போது மூக்கில் செருகுவதாகச் சொன்ன எழுத்தாணியை நினைத்துத் தனியே சிரித்துக்கொள்வார். கிணற்றடியில் அந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார் என்று அவர்களுக்கும் தெரியாதுதான். ஆள் அனுப்பிக் கேட்காமல், குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு வீடு போய்ச் சேர்வார்கள்.