முகமில்லாத கல்லும் ஆள்காட்டிக் குருவியும்

விலங்கும் பறவையும் நம்மோடு சரிக்குச் சரி வாயாடிய காலம் அது. அப்போது ஆள்காட்டிக் குருவி இப்படித் தரையில் கிடந்து அல்லாடவில்லை. வேலமரத்து உச்சியில் பஞ்சு மெத்தை போட்ட கூடு அதற்கு. கேட்டால் மட்டும்தான் வாய் திறக்கும்.

ஒரு நாள் மேட்டுக்காட்டு ஊரின் மாடுகளைப் பகைவர் ஓட்டிப் போனார்கள். ஆண்கள் வேலெடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். மாடுகள் திரும்பின. சில ஆண்கள் நடந்து வந்தார்கள். சிலரைத் தூக்கி வந்தார்கள். தூக்கி வந்தவர்களைப் புதைத்து, உருவம் செதுக்கிக் கல் நட்டு, கள்ளும் சோறும் படைத்தார்கள். வெள்ளாயியின் கணவன் காடனும் இன்னும் சிலரும் நடந்து வந்தவர்களிலும் இல்லை, தூக்கி வந்தவர்களிலும் இல்லை.

வெள்ளாயி கல்தச்சனிடம் போனாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு கல்லு வேணும்ண்ணே."

"உடம்பு வரலியே தாயி. உசுரோட இருக்கிறவன் உருவத்தைச் செதுக்கி நட்டா, அவன் எங்க இருந்தாலும் அங்கேயே விழுந்துருவான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"நடாம விட்டா? செத்திருந்தாருன்னா சோறு தண்ணி இல்லாம அலைவாரே."

இருதலைக்கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள். பாவம், அவள் எந்தப் பக்கம் ஓடுவாள்?

கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள். உளி படாத கல் ஒன்றை ஓடையிலிருந்து புரட்டி வந்து ஊர் எல்லையில் நட்டாள். முகம் இல்லாததால் அது எவனையும் கொல்லாது. செத்தவன் வந்தால் உட்கார ஓர் இடம் ஆயிற்று. மற்றப் பெண்களும் வந்து, "எங்க அண்ணனுக்கும் இதுவே இருக்கட்டும்", "எம் மகனுக்கும்" என்று சோறு வைத்தார்கள்.

ஆனாலும் வெள்ளாயிக்கு மனசு அடங்கவில்லை. அவன் உயிரோடு வந்து, தனக்குப் படைத்த சோற்றைத் தானே பார்த்துவிட்டால்?

வேலமரத்தை அண்ணாந்து பார்த்தாள். "குருவி, அவரு வந்தா ஒரு குரல் குடு. ஓடி வந்து கல்லைச் சாய்ச்சிடறேன்."

"குடுக்கறேன் ஆத்தா."

சொன்ன சொல்லுக்காகக் குருவி மரத்தை விட்டு இறங்கியது. கிளை மறைக்கிறதாம். கூட்டுக்குப் போய்வரும் நேரத்தில் அவன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கல்லடியிலேயே, வெறும் சரளையில் முட்டையிட்டது.

முதல் தடவை அது கத்தியபோது வெள்ளாயி உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவன் உப்பு விற்பவன். அடுத்த தடவை ஆடு தேடி வந்த கிழவர்.

"ஆளைப் பாத்துக் கத்தக் கூடாதா?" என்று மூச்சிரைத்தாள்.

"சண்டையில அடிபட்ட முகம் ஆத்தா. பாத்தா அடையாளம் தெரியுமா? நான் யாரைன்னு விடறது?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் குருவியைக் கடிந்ததே இல்லை. ஒவ்வொரு கத்தலுக்கும் ஓடி வந்தாள். தலை நரைத்த பிறகு நடந்து வந்தாள். ஒரு நாள் வரவில்லை. ஊரார் அவளை அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

"கூப்பிட்டா வர ஆளில்லை. நீ மரத்துக்குப் போ," என்றார்கள் குருவியிடம்.

"அவரு இன்னும் வரலியே," என்றது அது.

அன்று முதல்தான் ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடுகிறது. பொட்டல் வழியே நீங்கள் நடந்தாலும் நான் நடந்தாலும், தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி, வந்துவிட்டான் வந்துவிட்டான் என்று வெள்ளாயியைக் கூப்பிடுகிறது.